அக்காவின் கணக்குக்கு அடங்காத ஆறு

என் அக்காவுக்கு எப்போதும் பேச்சைவிடக் கைதான் முந்தும். பேருந்தில் உரசியவனின் பல்லைப் பெயர்த்தவள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அத்தானும் நானும் ஆற்றங்கரையில் செங்கல் சூளை போட்டிருந்தோம்.

போன வருடம் மாதக்கணக்கில் வெயில் கொளுத்திய பிறகு ஒரு மழை பிடித்தது. தண்ணீர் கரை ஏறாது என்றது கணக்கு. அக்கா அதை அப்படியே அத்தானுக்குப் போனில் சொன்னாள். மனுஷன் நிம்மதியாகச் சூளைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். ஆறு ஏறி வந்து, சூளைச் சுவரை அவர்மேல் தள்ளி நசுக்கிவிட்டுப் போனது. கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தபோது முகம் என்று ஒன்று இல்லை.

"கம்ப்யூட்டர் மாடல்ல தப்பு இல்லம்மா, மழைதான் மாறிப்போச்சு" என்றாராம் அவளுடைய மேலதிகாரி. அக்கா கீபோர்டைப் பிடுங்கி அவர் வாயிலேயே அறைந்தாள். உதடு கிழிந்தும் அவர் வெளியில் மூச்சுவிடவில்லை. அவளை விட்டால் அந்தக் கணக்கு அங்கே வேறு யாருக்கும் வராது.

விஷயம் இதுதான். அந்தக் கணக்கு பழைய மழைகளைப் பார்த்துப் படித்தது. அப்போதெல்லாம் காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். இப்போது அடிக்கிற வெயிலில் மண் சுட்ட செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. பெய்வதெல்லாம் நேரே ஆற்றுக்கு ஓடுகிறது. எவ்வளவு ஓடும் என்று கணக்குக்குக் கற்றுக்கொடுக்கப் போதுமான புது மழை இன்னும் பெய்யவில்லை.

இந்த வருடமும் அதே வெயில், அதே மாதிரி மேகம், கம்ப்யூட்டரிலும் அதே பதில். மத்தியானம் நான் மறுபடி கட்டிய சூளையில் நின்றபோது அக்கா வந்தாள்.

"கிளம்புடா."

"பாதி வெந்த சூளையை விட்டுட்டா? வராதுன்னுதானே உன் மெஷின் சொல்லுது?"

மண்வெட்டிக் காம்பால் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. அவள் கையைக் கடித்தேன், வாயெல்லாம் ரத்தம். அப்போதும் விடவில்லை. முடியைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துப்போய், திரும்பி ஓடாமல் இருக்க முழங்காலிலும் ஒன்று போட்டாள்.

மழை கொட்டித் தீர்த்தது. ஆறு கரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கீழே என் சூளை, பார்க்க ஆளில்லாமல் அணைந்தது. வந்த ஆத்திரத்தில் அவள் கழுத்தைப் பிடித்தேன்.

"வரும்னு தெரிஞ்ச மாதிரி அடிச்சியே! எங்கடி தண்ணி?"

அவள் என் கையைத் தட்டிவிடக்கூட இல்லை.

"தெரிஞ்சிருந்தா போன்ல சொல்லிட்டு என் வேலையைப் பாத்திருப்பேன்டா. தெரியலைன்னுதான் அடிச்சேன். அடுத்த மழைக்கும் அடிப்பேன்."

ஆற்றைப் பார்த்து எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.