ரெனிதா சொல்லாமல் விட்டது

பருத்திப்பட்டு பெண்கள் வாலிபால் கிளப்புக்கு ரெனிதாதான் செட்டர். மற்றவர்கள் எடுக்கும் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுப்பாள். பவ்யா எம்பி அடிப்பாள். இருவரும் பிளஸ் டூ. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

ரெனிதாவுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. காலையில் பள்ளிக்காக நானூறு மீட்டர் ஓட்டப் பயிற்சி. மாலையில் கிளப். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பாடகர் குழு. அதற்குப் போகாவிட்டால் அம்மா லூர்தம்மாள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். திருமழிசையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பா டேவிட் மட்டும் ஒருமுறை, "மூணையும் இழுத்துப் போட்டுகினு இன்னா பண்ணப்போற? ஒண்ண வுடு" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

நவம்பரில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி ஆரம்பித்தது. முதலில் ஓடும்போது மட்டும் வந்தது. பிறகு மாடிப்படி ஏறும்போதும் வந்தது. மருந்துக் கடையில் ஸ்பிரே வாங்கி அடித்துக்கொண்டாள். டாக்டர் ஓடாதே என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரிடம் போகவில்லை.

பொங்கல் முடிந்ததும், மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டமும் பள்ளிகளுக்கு இடையிலான ஓட்டப்பந்தயமும் ஒரே நாளில் வந்தன. காலையில் ஓட்டம், மதியம் ஆட்டம். இரண்டுக்கும் சரி என்று தலையாட்டினாள்.

பவ்யாவுக்கு அந்த ஆட்டம் வேறு மாதிரி. ஜெயித்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரியும் ஹாஸ்டலும் இலவசம். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா எத்திராஜால் வேறு வழியில் அவளைப் படிக்க வைக்க முடியாது.

முந்தின நாள் பயிற்சியின் நடுவே பவ்யா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"காலு எப்டி கீது? நெஜத்த சொல்லு. முடியலன்னா உனக்கு பதிலா அனுசுயாவ எறக்கலாம். இப்பவே சொன்னாத்தான் அவகூட கொஞ்சம் ஆடிப் பாக்க முடியும்."

"நல்லாத்தான் கீது" என்றாள் ரெனிதா.

மறுநாள் காலை நானூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். மதியம் முதல் செட்டை எடுத்தார்கள். இரண்டாவது செட்டில் எம்பி இறங்கியவள் எழுந்திருக்கவில்லை. எலும்பில் ஏற்கெனவே இருந்த விரிசல் முழுதாக முறிந்துவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். அனுசுயா உள்ளே வந்தாள். அவள் தூக்கிய பந்தெல்லாம் பவ்யாவின் கைக்கு அரை அடி தள்ளியே போயிற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை கோட்டுக்கு வெளியே படுத்தபடி ரெனிதா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த செட்டும் போயிற்று, அடுத்ததும் போயிற்று; அதோடு ஆட்டமும்.

பவ்யா ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். பரீட்சைத் தேதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கட்டுப் பிரித்து நன்றாக நடக்க ஜூன் ஆகிவிட்டது. ரெனிதாவுக்கு ஆவடியில் ஒரு கல்லூரியில் அப்பா இடம் வாங்கியிருந்தார். அதைச் சொல்லவும் தயங்கிக்கொண்டே பவ்யா வீட்டுக்குப் போனாள். பவ்யா நீல யூனிபார்மில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. பி.காம். அஞ்சல் வழியில்.

"எம்மேல கோவமா?"

"நீ ஓடுனதுக்கு இல்ல. வுயுந்ததுக்கும் இல்ல." பவ்யா பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டாள். "நான் கேட்டேன்ல? அப்பவே சொல்லியிருக்கலாம்."

ரெனிதா மன்னிப்புக் கேட்டாள். பவ்யா சரி என்று தலையாட்டினாள். வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றது.

"அம்மா டீ போடறாங்க, குட்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.

இப்போதும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். பார்த்தால் நின்று பேசுகிறார்கள். மழை, பஸ், யாருக்குக் கல்யாணம் என்று பேச்சு போகும். அதற்கு மேல் பவ்யா எதையும் சொல்வதில்லை; கேட்கும் துணிச்சல் ரெனிதாவுக்கு இல்லை.