தேதி பின்னால் போன கணினி

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் ராமேஸ்வரத்தில் இருக்கும் அந்தச் சிறிய ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது, வரவேற்பில் இருந்த செல்வி என்னைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தாள்.

"வந்துட்டீகளாக்கா? காலையில இருந்து ஒங்க நம்பருக்குத்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன். சாஃப்ட்வேர் தொறக்க மாட்டேங்குது."

பிறகுதான் அவள் குழந்தையைக் கவனித்தாள். இரவெல்லாம் மகளுக்குக் காய்ச்சல். அந்தக் கவலையில் நான் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை.

அங்கே நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் மென்பொருள் நான் எழுதியது. எங்கள் அலுவலகம் ராமநாதபுரத்தில். டெஸ்க்டாப்பில் ஓடும் டேட்டாபேஸ். வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். சில வாடிக்கையாளர்கள் கணினியின் தேதியைப் பின்னால் தள்ளிவைத்து, கெடு முடிந்த பிறகும் ஓட்டினார்கள். முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பூட்டுனா மொத்தமாப் பூட்டணும். ஒண்ணும் தெரியக் கூடாது. அப்பத்தான் தேடி வருவாக" என்றார்.

கடைசியாகத் திறந்த தேதியைவிடக் கணினியின் தேதி முந்தியதாக இருந்தால் பூட்டிக்கொள்ளும்படி எழுதினேன். பூட்டிவிட்டால் தேதியைத் திருத்தினாலும் திறக்காது. முதலாளியிடம் இருக்கும் நிரல் தரும் கீ என்ற திறவுச் சொல் வேண்டும். டெஸ்டிங்கில் அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

இந்த ஆஸ்பத்திரி முறையாகப் புதுப்பித்திருந்தது. ஆனால் கடலோர உப்புக் காற்றில் கணினியின் தேதியைக் காத்துவைக்கும் பொத்தான் பேட்டரி செத்திருந்தது. இரவு கரண்ட் போய் வந்ததில் தேதி பல வருடங்கள் பின்னால் போய்விட்டது. என் நிரல் அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டது.

உள்ளே புதிதாக வந்திருந்த டாக்டர் மகளைப் பார்த்தார். "போன தடவ ஊசி போட்டு மூச்சு முட்டுச்சுன்னு சொல்றீங்களே, எந்த மருந்து அது?"

எனக்குத் தெரியவில்லை. பதிவில் இருக்கிறது என்ற தைரியத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவே இல்லை.

"அது தெரியாம நான் எதப் போடறதும்மா?"

முதலாளிக்கு போன் செய்தேன். "எந்த ஆஸ்பத்திரி? பணம் கட்டிட்டாகளா?" என்றார்.

"அண்ணே, எம்பிள்ள உள்ள கெடக்கா."

அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. கீயை எழுத்து எழுத்தாகப் படித்தார். கணினியின் தேதியைத் திருத்திவிட்டு, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். திறந்ததும், மகளின் பதிவில் அந்த மருந்தின் பெயர் சிவப்பில் இருந்தது. டாக்டர் வேறு ஊசி போட்டார். சாயங்காலம் மகள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

இப்போது நான் எழுதும் எதிலும் கெடு முடிந்தாலும் பழைய பதிவுகளைப் பார்க்கலாம். தேதி குழம்பினால் எச்சரிக்கை மட்டும் வரும். முதலாளிக்கு இதில் வருத்தம்தான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பூட்டு எழுதும்போது ஏமாற்றுகிறவனை மட்டும் நினைக்காதீர்கள். அதன் முன்னால் வேறு யாரெல்லாம் வந்து நிற்பார்கள் என்றும் யோசியுங்கள்.

அன்று கிளம்பும்போது, காலையில் வந்தவர்களை என்ன செய்தீர்கள் என்று செல்வியிடம் கேட்டேன். பழைய சீட்டு கையில் இல்லாதவர்களை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணையும்.

"யாரு அந்தப் பொண்ணு?"

"தெரியலையேக்கா. பேர ஏத்தவே விடலையே அந்த சாஃப்ட்வேர்."

தினமும் பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவளும் அன்று குழந்தையோடு இந்தப் பாலத்தைத்தான் தாண்டிப் போயிருப்பாள்.