பாலத்தில் வைத்து அவர் கேட்ட கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கோடை நாள் பின்னேரம், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்துப் பாலமொன்றில் இது நடந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நானும் கணவரும் மட்டக்களப்பிலிருந்து போயிருந்தோம். பேரன் பிறந்து ஒரு மாதமாகியும் நாங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தது மகளுக்குக் கவலை. அன்று காலை மருமகன் எங்களை ரயிலேற்றிவிட்டார். பழைய நகரம் சின்னதுதான், நடந்தே பார்த்துவிடலாம் என்றார்.

கணவர் வெல்லாவெளிப் பக்கம் வேளாண்மை செய்கிறவர். சீனி வருத்தம் இருப்பதால் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவார். அன்றும் ஊசியைப் போட்டு, ஒரு துண்டுப் பாணைக் கடித்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். மத்தியானத்துக்கு மகள் பாணும் அவித்த முட்டையும் கட்டி என் பையில் வைத்திருந்தாள்.

கல் பதித்த தெருக்கள், கட்டடங்களுக்குக் கீழே வளைவு வளைவாக நீளும் நடைபாதை, அதற்குள் வரிசையாகக் கடைகள். மணிக்கூட்டுக் கோபுரத்தில் பொம்மைகள் சுற்றிவருவதை இரண்டாம் தரமும் பார்க்கவேண்டும் என்று கணவர் சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்து நின்றார். பிறகு பெரிய தேவாலயத்தின் உச்சிக்கு ஏறவேண்டும் என்றார். சாப்பிட்டுவிட்டு ஏறுவோம் என்றேன். "வயல் வட்டைக்குள்ள நாள் முழுக்க நடக்கிறவன் நான். இது ஒரு ஏத்தமா? பாத்துட்டு மறுகா சாப்பிடுவம் புள்ள" என்றார். ஏறி இறங்கினோம். இறங்கிய பிறகும் பசியில்லையாம். பாலத்துக்கு அங்கால் ஆற்றோரத்தில் கரடிகளை வைத்திருக்கிறார்கள், அதுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பாலத்தில் ஏறிக் கொஞ்சத் தூரம் போனதும் அவர் பின்தங்கினார். எப்போதும் எனக்கு முன்னால் நடக்கிற மனுசன். திரும்பிப் பார்த்தேன். நல்ல காற்று வீசுகிறது, ஆனால் அவருடைய சேர்ட் தொப்பலாக நனைந்திருக்கிறது. கால்கள் பின்னின. களைத்துவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தேன். கை சில்லிட்டிருந்தது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஆரு நீ? என்ட கைய உடு!"

பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த கணம் என்னைப் பிடித்துத் தள்ளினார். பாலத்தின் கல்மதிலில் மோதி முழங்கை உரசிக்கொண்டு விழுந்தேன். கல்யாணம் முடித்து முப்பது வருடத்துக்கு மேல். ஒருநாளும் என்மேல் கை வைக்காதவர். அவர் பாட்டுக்கு வீதியில் இறங்கி நடந்தார். எதிரே வந்த பஸ் கிறீச்சிட்டு அவருடைய நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் எழும்பி ஓடுவதற்குள் வழியில் வந்த இரண்டு ஆண்கள் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்கள். குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் போனை எடுத்தார். பஸ் சாரதி இறங்கிவந்து கத்தினார். "அவரு என்ட மனுசன்! அடிக்கிற ஆளில்ல! அவருக்கு என்னமோ நடந்திட்டு!" என்று நானும் கத்தினேன். அந்தப் பாலத்தில் என் தமிழ் ஆருக்கு விளங்கும்? பாரிசவாதம் வந்துவிட்டது, மூளை கலங்கிவிட்டது, இனி இந்த மனுசனை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவேன் என்றுதான் என் எண்ணம் ஓடியது. தோளில் பாண் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. இரத்தத்தில் சீனி குறைந்திருக்கும் என்ற யோசனை எனக்கு வரவே இல்லை.

அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினார். என் வயதிருக்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து, என் கணவரின் கழுத்து வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். சாரதியிடம் ஒரு சொல் சொன்னார். சாரதி சத்தத்தை நிறுத்திவிட்டு, இவரைத் தாங்கிப் பிடித்து ஓரத்தில் இருத்தினார். அந்தப் பெண்ணும் பக்கத்தில் நிலத்திலேயே இருந்து, தன் பையிலிருந்த பழச்சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். இவர் அதை அந்தப் பெண்ணின் உடுப்பின் மேலேயே துப்பினார். அவர் முகம் சுளிக்கவில்லை. இவருடைய நாடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பவும் பருக்கினார், கொஞ்சம் கொஞ்சமாக. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, சட்டைக் கையை உயர்த்தித் தன் புயத்தைக் காட்டினார். சீனியை அளக்கிற வெள்ளைப் பொட்டு ஒன்று அங்கே ஒட்டியிருந்தது. அவருக்கும் சீனி வருத்தம், இவருக்குச் சீனி இறங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பஸ் அப்படியே நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மெல்ல மெல்லக் கணவரின் கண்ணில் ஆள் தெரிந்தது. என்னைப் பார்த்தார். முழங்கையில் இரத்தத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள, விழுந்துட்டியா? ஏன் அழுறாய்?"

 பாண் பொட்டலத்தை அவருடைய கையில் வைத்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிடும்வரை இருந்துவிட்டுத்தான் அந்தப் பெண் எழும்பினார். என் கன்னத்தைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் பெயர்கூடக் கேட்கவில்லை. உடுப்பெல்லாம் பழச்சாறோடு அவர் எங்கே போனாரோ.

இப்போது வயலுக்குப் போகும்போதும் கணவருடைய சேர்ட் பொக்கற்றில் நான்கைந்து டொபி போட்டுத்தான் அனுப்புகிறேன். அன்றைக்கு நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. சொன்னால், "நான் உன்ன அப்பிடிக் கேப்பனா?" என்று சிரிக்கிறார். என்னால் சிரிக்க முடிவதில்லை. இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்தவருக்குள் நான் எவ்வளவு பத்திரமாக இருக்கிறேன் என்று நம்பியிருந்தேனோ, ஒரு நேரச் சாப்பாடு தவறியதில் அவ்வளவும் அழிந்துபோய், முன்பின் தெரியாத ஒருத்திதான் என்னை அவரிடம் மீட்டுத் தரவேண்டியிருந்தது என்பது இன்றைக்கும் என்னை உலுக்குகிறது.