களத்தில் காய்ந்த படகு, கழிமுகத்தில் அக்கா

அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, மே மாதக் கடைசித் திங்கட்கிழமை தஞ்சாவூரில் என்று முடிவானது. அதற்குப் பிறகு பல மாதங்களுக்குப் படகில் ஏறி இறங்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அதற்கு முந்தைய சனிக்கிழமைக்குள் அவளை அந்தப் படகில் உட்காரவைத்தாக வேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு காரணமே கிடையாது.

அந்தப் படகு எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுப் பாய்ப்படகு. பதினான்கு அடி, தேக்கு. ஊர், திருவாரூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். ஆற்றில் தண்ணீர் வந்ததும் பெரியவர் பாய் விரித்துச் சவாரி போவார். எங்கள் அப்பா அவருடைய பண்ணையாள். பத்து வயது அக்கா படகைக் கழுவுவாள், உள்ளே கசியும் தண்ணீரை டப்பாவால் இறைப்பாள், சவாரி கிளம்பும்போது இறங்கிக் கரையில் நிற்பாள். ஒருநாள்கூட அவளை உட்காரச் சொன்னதில்லை. பிறகு கூலிப் போராட்டம், நில உச்சவரம்பு, கோர்ட்டு, கேஸ் என்று என்னென்னவோ நடந்து, அந்த நிலத்தில் இரண்டு ஏக்கர் இன்று எங்கள் பெயரில் பட்டாவாக இருக்கிறது. படகு மட்டும் அவர்கள் மாட்டுக் கொட்டகையில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டை விற்க வெளிநாட்டிலிருந்து வந்த பேரனிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார், இடம் காலியானா போதும்" என்றார். அந்த 'சார்' எனக்குப் பிடித்திருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி நான் செய்த முட்டாள்தனம். நெல்லோடு வளர்ந்தவனுக்கு ஈரம் என்றாலே பயம். பெயின்ட் அடிக்குமுன் நன்றாகக் காயட்டும் என்று படகைக் களத்தில் போட்டு, பன்னிரண்டு நாள் வெயிலில், வேளைக்கு ஒரு பக்கம் புரட்டிப்புரட்டிக் காயவைத்தேன். பலகைகளுக்கு நடுவே விரல்நுனி போகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. அதையும் விடவில்லை. ஹார்டுவேர் கடைப் பசையை வாங்கி அப்பினேன். ஊரே வந்து பார்த்து, பிரமாதம் என்றது. ஊருக்கும் நெல்தானே தெரியும்.

கோடையில் எங்கள் ஆற்றில் மணல்தான் ஓடும். எனவே பூம்புகார். செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு மினி லாரியில் ஏற்றினோம். மயிலாடுதுறை வழியாக அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், வாடகை 3,800 ரூபாய். கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கழிமுகத்தில் இறக்கினோம். பத்து நிமிடத்தில் படகுக்குள் என் முழங்கால் வரை தண்ணீர்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். படகுத் தச்சர் முருகையன், என்னைவிட இருபது வயது சின்னவர். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கண்ணே வெச்சிருந்தீங்க?"

"களத்துல. காயப் போட்டிருந்தேன்."

"நெல்லாண்ணே இது, காயப் போட?" என்றார். சிரிக்கக்கூட இல்லை. "மரம் தண்ணி குடிச்சு ஊதுனாத்தான் சந்து அடையும். இந்தப் பசைய மொதல்ல சொரண்டுங்க."

நாள் முழுக்கச் சுரண்டினேன். அவர் சந்துகளில் பருத்தி நூலைத் தளர்வாகத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார். பிறகு மணல் மூட்டைகளைப் போட்டுப் படகைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார். சனிக்கிழமை வரை தொடக்கூடாதாம்.

இரவு அக்கா போன் செய்தாள். "மெதக்குதாடா?"

"முழுகிக் கெடக்குக்கா."

"வெளையாடாத."

வியாழக்கிழமையும் அதே பதில். "திங்கக்கெழம ஆசுபத்திரி இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், அந்த மூன்று நாளும் மீன் குழம்பு மட்டும் இறங்கியது.

சனிக்கிழமை மதியம் மூட்டைகளை எடுத்து, தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் லேசான கசிவு, அவ்வளவுதான். "இது போதும்ணே. கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றார் முருகையன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு மணிக்கு அக்கா காரில் வந்து இறங்கினாள். இரண்டு பேர் தாங்கி ஏற்றினோம். ஏறியவள் நேரே அடிப்பலகைக்குப் போய், டப்பா பக்கத்தில் குந்தப் பார்த்தாள். வலியில் முகம் சுருங்கியது.

"அங்க ஏன்க்கா? நடுவுல சாய்மானத்துல உக்காருங்க, அப்பதான் படகு நேரா நிக்கும்" என்றார் முருகையன். அது பெரியவர் உட்காரும் பலகை என்று அவருக்குத் தெரியாது. அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

பந்தல் துணிக்காரர் தைத்துக்கொடுத்த பாயில் கடல்காற்று பிடித்தது. கழிமுகத்துக்குள்ளேயே நாற்பது நிமிடம் சுற்றினோம். காலடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் அக்காவின் கை தானாக டப்பாவை எடுத்தது. எடுத்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீ எறடா. நான் உக்காந்து வரேன்."

போக நினைப்பவர்களுக்கு: பழைய மரப்படகை வெயிலில் காயவைக்காதீர்கள். தச்சரை முதலிலேயே கேளுங்கள். ஊறவைக்க நான்கு நாள் ஒதுக்குங்கள். கடற்கரைப் பக்கம் சாதாரண அறை நாளுக்கு 900 ரூபாய். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகவே வேண்டாம். தண்ணீர் இறைக்க ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். யார் இறைப்பது என்பதைக் கிளம்புமுன் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது முடிவாகிவிட்டது.