துவக்குக்கு ஒரு கையெழுத்து

"சனிக்கிழமை வேலைக் கூட்டாளியின்ரை மலைக்காணியிலை சுடப் போறம்" என்று என் கணவர் சொன்னபோது, நான் கோழி என்றுதான் நினைத்தேன். கோடை வந்தால் மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டின் பின்வளவிலும் சுடுவது கோழிதானே. இரண்டு கிலோவுக்குத் தூளும் தயிரும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டிப் பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் வெறும் பெட்டியோடு வந்தார். எல்லாரும் நல்ல ருசி என்றார்களாம். அடுத்த நாள் காரைத் துப்புரவாக்கும்போது பின்சீற்றில் ஒரு தடித்த கடதாசி கிடந்தது. வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள், நடுவில் ஏழு ஓட்டைகள்.

"இதென்னப்பா?"

"சுட்டது" என்றார்.

பிறகு நான் கதைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் புல்லு வெட்டும் மெசினை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார் என்றால் விளங்கிக்கொள்ளுங்கள். "அந்தத் துவக்குவெடிச் சத்தம் வேண்டாமெண்டுதானே கடல் கடந்து வந்தனாங்கள்? இப்ப மினக்கெட்டு மலைக்குப் போய்க் கேக்கிறியளோ? உங்களுக்கென்ன விசரோ?" கணவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் கதைக்காத மனுசன். மிச்சத்தை வீட்டில் நான் கதைத்து நிரப்புகிறேன்.

அன்றைக்குத்தான் மற்றதும் வெளிவந்தது. எனக்குத் தெரியாமல் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பிரெஞ்சிலேயே சோதனை எழுதிப் பாஸும் பண்ணியிருந்தார். இனி உரிமப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருந்தது. நான் வைக்காவிட்டாலும் அனுப்பலாம், ஆனால் அதிகாரிகள் எனக்கு அறிவித்து, எனக்கு ஏதும் பயம் உண்டா என்று பார்ப்பார்கள். இந்த நாட்டில் ஒரு சட்டம் என்னை நினைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது. மாட்டேன் என்றேன்.

"நீர் வைக்காட்டி நான் அனுப்பமாட்டன்" என்றார். அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் நான் வென்றிருப்பேன். அவர் அந்த விண்ணப்பத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். முப்பது வருசம் சென்லோரன்ட் பக்கத்துத் தொழிற்சாலையில் நின்று, பியர்பொன்ட்ஸில் இந்த வீட்டை வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பியவர். தன் காலுக்கென்று ஒரு நல்ல சப்பாத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை. இப்போது ஆசைப்பட்ட ஒன்றை நான்தான் மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கு நெஞ்சைக் குத்தியது. அதற்கும் அவரோடுதான் கோபம் வந்தது.

இரண்டு கிழமை கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "அப்பிடி என்னதான் இருக்கு அதிலை?"

"துவக்குக்கு அங்கால பக்கம் ஒருத்தரும் இல்லை. கடதாசி மட்டும்தான்" என்றார். பிறகு, "ஒருக்கா வந்து பாருமன்" என்றார்.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். புறப்படும்போது அவர் மேசை லாச்சியைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. நகரம் முடிந்து, வடக்கே ஒன்றரை மணித்தியால ஓட்டம். கூட்டாளி கியூபெக்காரர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். அவருடைய மனைவி பின்னல் ஊசியும் நூலுமாகக் கதிரையில் இருந்தாள். நான் வந்த கையோடு கேள்வியைத் தொடங்கினேன். என்னுடைய பிரெஞ்சு பேருந்திலும் கடையிலும் பொறுக்கியது, கோபத்தில் கொஞ்சம் நன்றாக வரும். சொந்தக் காணி என்றால் நினைத்தபடி சுடலாமா? இல்லையாம். முதலில் நகராட்சியில் போய், அந்த இடத்தில் அனுமதி உண்டா, வீடுகளுக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று கேட்டு எழுதி எடுத்தாராம். சுற்றிவர உள்ள காணிக்காரர்களுக்குச் சுடும் நாளை முன்கூட்டியே சொல்லுவாராம். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் குவித்திருந்தார். உரிமம் கிடைக்கும்வரை என் கணவர் இவருடைய துவக்கை, இவர் பக்கத்தில் நின்றால் மட்டும் தொடலாம். துவக்குகளைப் பூட்டி வைக்கும் வரை பியர்ப் போத்தல் திறக்கக்கூடாது. பிழை பிடிக்க ஒன்றும் அகப்படாதது எனக்கு எரிச்சலாக இருந்தது.

காதை மூடும் கவசம் தந்தார்கள். அப்படியும் முதல் வெடிக்கு நான் என்னை அறியாமலே புல்லில் குந்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த மனுசி தன் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஒரு மரக்குற்றியில் போய் இருந்தாள்.

நாலைந்து வெடி போயிருக்கும். அவர்களுடைய கிழட்டு நாய் பற்றைக்குள்ளிருந்து வந்து, ஆடி ஆடி மண்மேட்டுப் பக்கம் நடந்தது. அந்த மனுசி பின்னலை மடியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். அந்தக் கணமே இரண்டு ஆண்களும் துவக்கைத் திறந்து, ரவையை எடுத்து, மேசையில் வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்தார்கள்.

"என்ன சொன்னவ?" என்று கணவரைக் கேட்டேன்.

"யுத்தநிறுத்தம்" என்றார். "பிரெஞ்சிலை, செசே லெ ஃபெ. சுடுறதை நிப்பாட்டவும் அதுதான் சொல்."

எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஊரில் இருந்தபோது அந்தச் சொல்லை நான் ரேடியோவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். கேட்டதும் சனம் சந்தோசப்படும். அம்மா மட்டும் கட்டிய மூட்டையை அவிழ்க்க விடமாட்டா, எப்படியும் ஒரு கிழமையில் திரும்பக் கட்ட வேண்டிவரும் என்பா. இங்கே ஒரு நாய்க்காக ஒருத்தி இருந்த இடத்திலிருந்து சொல்கிறாள், நின்றுவிடுகிறது.

"அதை ஆர் சொல்லலாம்?"

"ஆரும் சொல்லலாம். நீரும் சொல்லலாம். சொன்ன ஆளே சரியெண்டு சொல்லுமட்டும் ஒருத்தரும் துவக்கிலை கை வைக்கேலாது. இந்தக் காணிச் சட்டம்."

நாயைப் பிடித்துக் கட்டினார்கள். அந்த மனுசி தலையாட்டினாள். மறுபடி தொடங்கியது. கணவர் துவக்கை எடுத்துத் தோளில் வைத்தார். நான் எழும்பினேன்.

"செசே லெ ஃபெ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கவசத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை சொன்னேன்.

திறந்தார்கள், ரவையை எடுத்தார்கள், மேசையில் வைத்தார்கள். பின்னால் வந்தார்கள். கூட்டாளி மண்மேட்டைப் பார்த்தார், பற்றையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?" என்றார் கணவர்.

"ஒண்டுமில்லை. சும்மா சொல்லிப் பாத்தனான்" என்றேன். கண்ணால் தண்ணி ஓடியது, துடைக்கவும் தோன்றவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. "அந்தப் பேப்பர் காருக்குள்ளை கிடக்கோ?"

கிடந்தது. கொண்டுவரச் சொன்னேன். திறந்து கிடந்த துவக்குகளுக்குப் பக்கத்தில், அதே மேசையில் வைத்து, என் இடத்தில் கையெழுத்தைப் போட்டேன். அவர் அதைக் காற்றில் பிடித்து மை காயும்வரை நின்றார்.

கூட்டாளி மெதுவாகக் கேட்டார், இனித் தொடங்கலாமா என்று.

"பொறுங்கோ" என்று தமிழிலேயே சொன்னேன். பொறுத்தார்கள்.