ஒன்பதாவது துண்டு

என் சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் ரயில்வேயில் வேலை பார்க்கிறேன். தீபாவளி நெருங்கினால் தட்கல் டிக்கெட் கேட்டு போன் வரும். ரயிலின் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சு எப்போது உடையும் என்று ஆராய்வதுதான் என் வேலை என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "அது உடையுமா?" என்று கேட்டுவிட்டு என் சித்தப்பா அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் ஊருக்குப் போகிறார். அதோடு விளக்குவதை நிறுத்திக்கொண்டேன்.

என் கணவன் பாடு இன்னும் மோசம். அவன் ஆராய்வது வேளாண் உணவு அமைப்புகளை. அதாவது வயலில் விளைந்தது நம் தட்டுக்கு வருவதற்குள் யார் யார் கை பட்டு வருகிறது என்று கண்டுபிடிப்பது. அவன் ரேஷன் கடையில் இருப்பதாக என் பெரியம்மா இன்றுவரை நம்புகிறார். கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் மற்றவர்கள் எல்லாம் காலையில் சிறுசேரிப் பக்கம் வண்டி ஏறுவார்கள். நாங்கள் இருவர் மட்டும் இரும்பும் அரிசியுமாக எதிர்த்திசையில் போவோம்.

என் ஆய்வுக்கூடம் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு கல்லூரிக்குள் இருந்தது. ஓடி ஓய்ந்து கழித்துவிடப்பட்ட ஒரு ரயில் அச்சை அறுத்து, அதிலிருந்து ஒன்பது துண்டுகள் கடைந்து வைத்திருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். இரண்டு முனையும் தடிமன், நடுவில் இடுப்பு சிறுத்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மெருகேற்றியது. இயந்திரம் முனைகளைப் பிடித்துக்கொள்ளும். எடையைத் தொங்கவிட்டுத் துண்டைச் சுழல விடுவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இம்மியளவு வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. இப்படியே கோடிக்கணக்கில் வளைந்து நிமிர்ந்தால் இரும்புக்கும் அலுத்துப்போய் ஒரு நாள் உடையும். உலோக அயர்ச்சி என்பது இவ்வளவுதான்.

நடுப்பகுதியில் சின்னக் கீறலோ துருப்புள்ளியோ இருந்துவிட்டால் அங்கேயிருந்து விரிசல் கிளம்பிச் சீக்கிரமே உடைந்துவிடும். அதனால் என் கூடத்தில் ஒரே ஒரு சட்டம். கையுறை இல்லாமல் துண்டின் நடுவைத் தொடக் கூடாது, ஏனென்றால் கையில் உப்பு இருக்கிறது. இதைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் ஒருமுறை ஆசையாக வெறுங்கையை நீட்டியபோது அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவர் அதை மறக்கவில்லை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டெக்னீஷியன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துக்காரர். முன்பு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு வலிப்பு வரும். தொழிற்சாலைக்குள் போனால் கைபேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். திரும்பிக் கம்பெனி பஸ் ஏறும்வரை வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் அந்த வேலையை விட்டுவிட்டு, பைக்கில் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடக்கூடிய எங்கள் கூடத்துக்கு வந்தார். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கைபேசி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அது அடித்தால் ஸ்பானரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கிளம்புவார். நான் ஒன்றும் கேட்டதில்லை.

எட்டுத் துண்டுகள் முடிந்து, ஒன்பதாவதை மாட்ட வேண்டிய நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. என் அறிக்கையே அந்தக் கடைசித் துண்டை நம்பித்தான் இருந்தது. ஆயுத பூஜை என்றால் எங்கள் கூடத்தில் ஸ்க்ரூடிரைவர்கூடப் பொட்டு இல்லாமல் இருக்காது. முந்தின வருடம் அண்ணா பக்தியோடு ஒரு துண்டின் நடுவில் பொட்டு வைக்கப்போக, நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அதனால் இந்த முறை அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

"மொனையில வெச்சிக்கறேன் மேடம். நடுவாண்ட போவ மாட்டேன்."

சொன்னபடியே கையுறை போட்டுக்கொண்டு முனையில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். துண்டு ஒரு தாம்பாளத்தில் ஸ்பானர்களோடு சேர்ந்து சாமி கும்பிட்டது. அன்று என் கணவனும் வந்திருந்தான். அந்தச் சமயம் அவன் ஆராய்ந்துகொண்டிருந்தது பொரி. செங்கல்பட்டு பஜாரில் எந்தக் கடையில் வாங்கினீர்கள், கடைக்காரருக்கு எங்கிருந்து வருகிறது என்று அண்ணாவைக் குடைந்தெடுத்துவிட்டு, பொரிப் பொட்டலத்தை நாலு கோணத்தில் படம் எடுத்தான். நாங்கள் பொரியும் கடலையும் வெல்லமும் தின்றுவிட்டுக் கிளம்பினோம். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியாமல் எடுக்க மாட்டார்கள். இரண்டு ராத்திரி துண்டு தாம்பாளத்திலேயே கிடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அண்ணா துண்டைத் துடைத்து இயந்திரத்தில் மாட்டினார்.

மூன்று வாரம் ஓட வேண்டியது நான்காம் நாள் காலையில் நின்றுவிட்டது. நான் உள்ளே நுழைந்தபோது அண்ணா இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பீஸு உடைஞ்சிகீது மேடம்."

சரியாக நடுவில் உடைந்திருந்தது. முனையைப் பார்த்தேன். துடைத்தும் போகாமல் லேசான சிவப்புக் கறை ஒட்டிக்கொண்டிருந்தது. அது போதும் எனக்கு.

"குங்குமம் யார் வெச்சது?"

"நான்தான் மேடம்."

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. குங்குமம் நடுப்பகுதிக்குப் பரவியிருக்கிறது, தீர்ந்தது விஷயம். துறைத் தலைவர் எழுத்தில் விளக்கம் கேட்டார். பூஜையின்போது டெக்னீஷியனின் கவனக்குறைவால் துண்டு பழுதானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. என் கடிதத்தைக் கோப்பில் மேலாக வைத்து, புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவர் மனைவி விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். கோபம் வந்தால் என் கை வேகமாக ஓடும்.

அண்ணா போய் மூன்று வாரம் கழித்து, உடைந்த துண்டை வேறொரு ஆய்வகத்தில் இருந்த பெரிய நுண்ணோக்கியில் பார்க்க எனக்கு முறை வந்தது. விரிசல் கிளம்பின இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அங்கே என்னென்ன பொருள் ஒட்டியிருக்கிறது என்பதையும் அந்தக் கருவி சொல்லும். பொடிப்பொடியாகத் துருக்குழிகள். குங்குமம் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும், சுண்ணாம்பு இருந்தால் அந்தக் கருவி கால்சியம் என்று காட்டியாக வேண்டும். அப்படி எதுவும் காட்டவில்லை. காட்டியது வெறும் உப்பு. குழிகள் கண்டபடி சிதறியும் இல்லை. வளைந்து வளைந்து வரிசையாக இருந்தன. சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு பார்த்தவர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வீட்டுக்கு வந்து, "அண்ணா வெறுங்கையாலயே தொட்டிருக்காரு, எவ்வளவு உப்பு தெரியுமா" என்று என் கணவனிடம் பொரிந்து தள்ளினேன். அவன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"பொரிக்கு அரிசியை உப்புத் தண்ணியில பெரட்டித்தான் வறுப்பாங்க" என்றான்.

"அதுக்கென்ன இப்போ?"

அவன் கைபேசியை எடுத்து, ஆயுத பூஜையன்று எடுத்த படங்களைத் தள்ளிக்கொண்டே போய் மூன்றாவது படத்தில் நிறுத்தினான். முன்னால் பொரிப் பொட்டலம். பின்னால் நான். வாய் நிறையப் பொரி. வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், ஒன்பதாவது துண்டின் இடுப்பு. கையுறை இல்லை. 'எட்டு முடிஞ்சிடுச்சு, இது ஒண்ணுதான் பாக்கி' என்று அவனிடம் பெருமையாகத் தூக்கிக் காட்டியது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. படத்தில் என் தலைக்கு மேலே, சுவரில் நான் எழுதி ஒட்டிய சட்டமும் தெளிவாக விழுந்திருந்தது.

"பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்" என்றான் அவன். மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் விடுமுறை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அண்ணாவின் ஊருக்குப் போனேன். அவர் வீட்டில்தான் இருந்தார். மறைமலைநகர் பழைய தொழிற்சாலையிலேயே அவரைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்களாம். கம்பெனி பஸ், லாக்கர், எல்லாம் பழையபடி. அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். வலது முன்கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"அடுப்பாண்ட நிக்க சொல்ல வலிப்பு வந்துட்ச்சி. இவரு பஸ்ஸுல இருந்தாரு."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் இரும்பில் விரிசல் தேடியவள், ஒரு மனிதரைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்கத் துப்பில்லாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, "நான்தாண்ணா தொட்டது" என்றேன்.

அண்ணா படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும் மேடம். நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன். பொரி துன்னுகினே எடுத்தீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உங்க வூட்டு சார் முன்னால எப்படி மேடம் சொல்றது. பொறவு தொடச்சிப் பாத்தேன், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"பீஸ் உடைஞ்ச அன்னிக்காவது?"

"குங்குமம் யாரு வெச்சதுன்னுதான் கேட்டீங்க. அது நான்தான வெச்சேன்."

டீயைக் குடித்து முடிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை இரண்டாவது கடிதம் எழுதினேன். ஒன்பதாவது துண்டு பழுதானதற்கு நானே காரணம், ஆதாரம் இணைப்பில் என்று எழுதி, பொரிப் படத்தையும் நுண்ணோக்கிப் படத்தையும் சேர்த்து வைத்தேன். துறைத் தலைவர் பொரிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. என் அறிக்கை எட்டுத் துண்டுகளோடு போனது. முடிவு போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான். முதல் கடிதம் பத்து நாளில் செய்த வேலையைத் திருப்பிச் செய்ய இரண்டாவது கடிதத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதமும் அண்ணா கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். பிறகு ஒரு காலையில் சட்டைப்பையில் கைபேசியோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டார்.

இந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. எல்லோருக்கும் பொரி பொட்டலம் கட்டி மேசைமேல் வைத்திருந்தார். என் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு ஜோடி கையுறை. எல்லா ஆயுதத்துக்கும் வைத்ததுபோல் அதற்கும் பொட்டு வைத்திருந்தார், வலது கட்டைவிரலில்.