கன்னியம்மாவுக்கு நான் சொன்ன கதை

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். வீட்டில் ஜெபம், பாட்டு, வேதவாசிப்பு எல்லாவற்றுக்கும் அத்தைதான் பொறுப்பு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சபை வேலையே கதியென்று இருந்தவள். ஞாயிறு மாலைகளில் எங்கள் சபைக் கோயிலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்துவாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்பு அத்தை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்குள் ஒவ்வொருவரும் தன்னோடு படிக்கும் ஒருவருக்காவது இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னவர்கள் கூட்டத்தில் எழுந்து அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அத்தை நோட்டில் எழுதிக்கொள்வாள். முதல் வாரமே நாலு பேர் எழுந்துவிட்டார்கள். ஒரு பையன் மூன்று பெயர் சொன்னான். அதில் ஒன்று இன்னும் பள்ளிக்கூடமே சேராத பக்கத்து வீட்டுக் குழந்தை என்று பிறகு தெரிந்தது. கூட்டம் நடத்துகிறவளின் அண்ணன் மகள் நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். வீடு வருகிறவரை அத்தை என்னோடு பேசவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற பயம். சிரிக்கமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது ஒருத்தியைப் பற்றித்தான்: என் பெஞ்சில் உட்காரும் கன்னியம்மா.

அவள் காசிமேட்டுக் குப்பத்துப் பெண். குப்பத்திலிருந்து மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை வந்த பெண் அவள் ஒருத்தி. அம்மா இல்லை. அப்பா கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கரையில் இருக்கிற நாட்களில் அவரே மகளைக் கொண்டுவந்து விடுவார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டமாட்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வகுப்புக்குள் நுழைகிறவரை வெளியிலேயே நிற்பார். ஒருநாள் அவள் எழுந்து இங்கிலீஷ் பாடம் வாசித்தபோது, ஜன்னலுக்கு வெளியே மதிலோரம் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். ரொம்ப யோசித்து, கடல் கதையாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். படகு, பெருங்காற்று, உள்ளே இருந்தவர்கள் அலறியது, தூங்கிக்கொண்டிருந்த இயேசு எழுந்து கடலை அதட்டியது, அது நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு படுத்தது. நாய்க்குட்டி மட்டும் என் சொந்தச் சரக்கு.

கன்னியம்மா கையிலெடுத்த சோற்றை வாயில் வைக்காமல் கேட்டாள்.

"மெய்யாலுமா? சொன்னா கேக்குமா கடலு?"

"அவர் சொன்னா கேக்கும். நம்பிக் கேட்டா நமக்கும் செய்வார்."

"எங்க நைனாவுக்கு?"

"யாருக்கும்."

அந்த ஞாயிறு நான் எழுந்து பெயரைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது அத்தை என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள். கன்னியம்மாவின் ஆத்துமாவைவிட அந்தக் கைதான் எனக்கு அன்று பெரிதாக இருந்தது.

ஆனால் கன்னியம்மா கதையை விடவில்லை. எப்படிக் கும்பிடணும், கண்ணை மூடணுமா, நம்ம பேச்சு அவருக்குப் புரியுமா என்று தினமும் கேட்டாள். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். "நைனா சிரிச்சிச்சு. அப்பறம், நான் கடல்ல எறங்கசொல்லோ நீயே அவராண்ட ஒரு வார்த்தை சொல்லி வைன்னுச்சு" என்றாள்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்று பிடித்தது. மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. காலையில் எங்கள் வாசலில் கன்னியம்மா நின்றாள். பாவாடை முழங்காலோடு ஒட்டியிருந்தது.

"நைனா நேத்து காலீல போச்சு. கூடப் போனவங்கல்லாம் வந்துட்டாங்க. இது மட்டும் வரல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லுமே. உனக்குத்தான் அவரு பழக்கம்."

அத்தை எங்கள் இருவரையும் முழங்காலிட வைத்து அழுது ஜெபித்தாள். மாற்றுத் துணி கொடுத்தாள். கன்னியம்மா ஒன்றையும் வாங்காமல் மழையோடு கரைக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை கடல் அடங்கியது. அவர் வரவில்லை. நெட்டுக்குப்பத்துப் பக்கம் அவருடைய கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் ஒதுங்கியதாகச் சொன்னார்கள்.

அத்தை இரண்டு முறை குப்பத்துக்குப் போனாள். "நீயும் வாட்டி. அந்தப் பிள்ள உன்னத்தான் தேடுது" என்றாள். எனக்கு வயிற்றுவலி என்றேன். கன்னியம்மா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் அடுத்த ஞாயிறு கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் கூட்டத்தில் பேசினார். துளி சந்தேகமும் இல்லாமல் கேட்டால் கிடைக்காதது எதுவுமில்லை என்றார். அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டெஸ்க்கில் கிடந்த அவளுடைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவள் பெரியம்மாவோடு மணலில் உட்கார்ந்து கருவாட்டுக்கு மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

"நீ முழுசா நம்பியிருக்கமாட்ட கன்னி. கொஞ்சம் சந்தேகம் இருந்தாக்கூட நடக்காதாம்."

அவள் கையை மறுபடியும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாமே" என்றாள் பிறகு. "காத்து அடிக்கசொல்லோ பயந்துட்டேன். நைனா வராதுன்னு ஒருவாட்டி நெனச்சிட்டேன். ஒரேயொரு வாட்டிதான்."

நான் நோட்டுகளை நீட்டினேன். வாங்கவில்லை. "நீயே வச்சிக்க, நான் இனிமே வர்ல" என்றாள். நான் திரும்பி நடந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"அவராண்ட சொல்றியா, நான் வேணும்னு நெனக்கலன்னு?"

சொல்கிறேன் என்றேன்.

அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று மூன்று வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெரியவளான பிறகு அந்தக் கரையில் இரண்டு தரம் விசாரித்துப் பார்த்தேன்.

அன்று நோட்டுகளோடு குப்பத்துக்குப் போகும்போது, என்னைத் திட்டுவாள், உன் சாமி பொய் என்பாள் என்றெல்லாம் பயந்துகொண்டு போனேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கன்னியம்மா இன்னும் விசுவாசத்தில்தான் இருக்கிறாள் என்று அத்தையிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அப்பாவின் சாவை ஒரு பிள்ளை தன் தலையில் ஏற்றிக்கொண்டதை அப்போதுதான் நான் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஏற்றிவிட்டது நான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளுக்கு என்மேல் கோபமில்லை என்பதுதான்.